மின்தடை நாளில் மட்டும் சாதுவாக இருக்கும் பையன்

வாசகர் கேள்வி

என் தங்கை இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவளும் அவள் கணவரும் சேர்ந்தே குடித்தார்கள். வயிற்றில் பிள்ளை இருந்தபோதும் அவள் நிறுத்தவில்லை. மூன்று வயதில் தாயை இழந்த அவள் மகனை நான்தான் வளர்க்கிறேன். இப்போது ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. எங்களுக்குக் கோவை மாவட்டத்தில் வீட்டோடு ஒட்டிய விசைத்தறிக் கூடம் இருக்கிறது.

ஆள் சிறுத்திருப்பான், பேச்சு மட்டும் பெரிய மனிதனைப் போல இருக்கும். நேற்று ஒப்பித்த ஏழாம் வாய்ப்பாடு இன்று தெரியவில்லை என்பான். பக்கத்து வீட்டில் பணத்தை எடுத்துவிட்டு, "அக்காதான் கொடுத்தார்" என்று முகத்துக்கு நேரே பொய் சொல்கிறான். போனைப் பிடுங்கினால் அடிக்க வருகிறான். போன வாரம் சத்துணவு வரிசையில் ஒரு பையனைக் கடித்துவிட்டான். அதற்கு முன்பு தண்ணீர்க் குழாயடியில் ஒரு சிறுமியைத் தள்ளிவிட்டான், பஸ் ஏறும்போது ஒரு பெரியவரை உதைத்தான். "இனிமேல் அனுப்பாதீர்கள்" என்கிறார் தலைமையாசிரியர். என் கணவர் பெல்ட்டை எடுக்கிறார். அடி வாங்கிய மறுநாளே அதையே மறுபடி செய்கிறான். மாதம் ஒருநாள் மின்தடை அன்று மட்டும் சாதுவாக இருக்கிறான், என்ன மாயமோ. பக்கத்துத் தோட்டத்து ஆடுகளோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பான்.

மூன்று மாதத்துக்கு முன்பு டாக்டர் "எஃப்.ஏ.எஸ்.டி." என்று எழுதிக் கொடுத்தார். இதற்கென்று மருந்து இல்லை என்றார். விடுதியில் சேர்த்தால் திருந்துவானா? இவனும் குடிகாரன் ஆவானா? என் தங்கைமேல் எனக்குத் தீராத கோபம் இருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

குழந்தை வளர்ச்சி மருத்துவரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை கடித்ததும் உதைத்ததும்தான் கண்ணில் பட்டன. மூன்றாம் முறைதான், போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியில் நின்றேன். மின்தடை அன்று மட்டும் சாதுவாக இருக்கிறான். அதில் மாயம் ஒன்றும் இல்லை, அம்மா. அன்றுதான் உங்கள் வீட்டில் தறி ஓடுவதில்லை.

தறிக்கூடத்துக்குள் நின்று பேசுபவர்கள் காதருகே வந்து கத்தித்தான் பேசுவார்கள். உங்களுக்கு அது பழகிய ஓசை. தறி நின்றால்தான் உங்களுக்குத் தூக்கம் கலையும். அவன் மூளை அப்படிப் பழகிக்கொள்வதில்லை. வேண்டாத ஓசையைத் தள்ளிவிட்டு வேண்டியதை மட்டும் கேட்கும் வேலையை நம் மூளை நமக்குத் தெரியாமலே செய்துவிடுகிறது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் பலருக்கு அந்த வேலை சரியாக நடப்பதில்லை. தறி, மிக்ஸி, தொலைக்காட்சி, உங்கள் குரல் எல்லாம் ஒரே உரப்பில் உள்ளே போகின்றன. காலையிலிருந்து அதைத் தாங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் மாலையில் நாம் வாய்ப்பாடு கேட்கிறோம்.

முதலில், இது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். எஃப்.ஏ.எஸ்.டி. என்பது, கருவில் இருக்கும்போது மது சென்றதால் வரும் பாதிப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வழங்கும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம். தாய் குடிக்கும் மது நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்கும் போகிறது. அதைச் சிதைத்து வெளியேற்றும் பக்குவம் கருவின் ஈரலுக்குக் கிடையாது. மூளை ஒன்பது மாதமும் வளர்ந்துகொண்டே இருப்பதால், எந்த மாதத்தில் சென்ற மதுவும் அதைத் தொடக்கூடும். பிரான்சில் நான்ட் நகரத்து மருத்துவர் பால் லெமுவான் 1968இல் இத்தகைய 127 குழந்தைகளைப் பற்றி எழுதினார். 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மருத்துவர்கள் இதன் ஒரு வகைக்கு "ஃபீட்டல் ஆல்கஹால் சின்ட்ரோம்" என்று பெயர் வைத்தார்கள். மெலிந்த மேலுதடு, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே மழுங்கிப்போன பள்ளம், சிறிய கண் திறப்பு என்று சில முக அடையாளங்களைச் சொல்வார்கள். முகம் உருவாகும் குறிப்பிட்ட நாட்களில் மது சென்றிருந்தால்தான் அவை வரும். அதனால் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் பார்வைக்கு மற்றப் பிள்ளைகளைப் போலவே இருப்பார்கள். 2017இல் வெளியான ஒரு கணிப்பு, உலக அளவில் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 8 பேர் இப்படி இருக்கக்கூடும் என்றது. நம் ஊரில் இவர்கள் "அடங்காத பையன்", "சோம்பேறி", "திருட்டுக் கை" என்ற பெயர்களில்தான் வளர்கிறார்கள். உங்கள் மருத்துவர் அந்தச் சீட்டில் நான்கு எழுத்துகளை எழுதியதே பெரிய காரியம் என்பேன்.

இனி வாய்ப்பாட்டுக்கு வருகிறேன். நேற்று தெரிந்தது இன்று தெரியாது என்றால் நடிக்கிறான் என்றுதான் யாருக்கும் தோன்றும். இவன் விஷயத்தில் அது உண்மையாகவே நடக்கிறது. பீரோவில் துணி இருக்கிறது, சாவிதான் அன்றைக்கு அகப்படவில்லை. நாளைக் காலையில் அதே சாவி தானாகக் கைக்கு வரும். அப்போது ஏழாம் வாய்ப்பாட்டை மளமளவென்று சொல்லுவான், நீங்களும் "பார், நேற்று வேண்டுமென்றே சொல்லவில்லை" என்பீர்கள். வாய்ப்பாட்டை ஓர் அட்டையில் எழுதி அவன் மேசையில் ஒட்டுங்கள். பார்த்தே கணக்குப் போடட்டும். கண் மங்கியவர் கண்ணாடி போட்டுக்கொள்வதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லையே.

"அக்காதான் கொடுத்தார்" என்பதும் இதோடு ஒட்டியதுதான். "ஏன் எடுத்தாய்?" என்று நீங்கள் கேட்கும்போது, நடந்ததன் பாதி அவன் நினைவில் இல்லை. எதிரே கோபமான முகம் நிற்கிறது. ஏதாவது சொல்லியாக வேண்டும். நினைவில் உள்ள ஓட்டையை மூளை அகப்பட்ட துண்டை வைத்து அடைத்துவிடுகிறது; அந்த அக்கா என்றோ ஒருநாள் மிட்டாய் கொடுத்திருப்பார். சொல்லி முடித்ததும் அவனே அதை நம்பிவிடுகிறான். அதனால்தான் உங்கள் முகத்தைப் பார்த்துத் தயங்காமல் பேச முடிகிறது. ஆகவே விசாரணை வேண்டாம். "இது அக்கா வீட்டுப் பணம். வா, கொடுத்துவிட்டு வருவோம்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். அவ்வளவு போதும். பள்ளி விட்டு வந்ததும் பையைத் திறந்து, உன்னுடையது எது, பிறருடையது எது என்று இருவரும் சேர்ந்து பார்ப்பதைக் கை கால் கழுவுவதுபோல அன்றாட வேலையாக்குங்கள். அவனுடைய பென்சில், பெட்டி, தண்ணீர்ப் புட்டி எல்லாவற்றிலும் ஒரே நிறத் துணித்துண்டைக் கட்டி வையுங்கள். "என்னுடையது" என்பது அவனுக்குக் கண்ணால் தெரிய வேண்டும். பணத்தைக் கண்ணில் படும் இடத்தில் வைக்காதீர்கள் என்று பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். ஆனாலும் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் உங்கள் கணவரும் உடன் இருந்தால் நல்லது. பெல்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கெட்ட எண்ணத்தில் அடிக்கவில்லை என்பது எனக்குத் தெரிகிறது. எங்கள் தலைமுறையில் அடி வாங்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. ஆனால் அடி பாடமாக வேண்டுமென்றால், இதைச் செய்தேன், அதனால் இது வந்தது, அடுத்த முறை செய்தால் மறுபடியும் வரும் என்று மூன்றையும் மனம் ஒரே நூலில் கோர்க்க வேண்டும். அந்த நூல்தான் இவன் மூளையில் அறுபட்டிருக்கிறது. வலி நினைவிருக்கும், பெரியப்பாமேல் பயம் நினைவிருக்கும், காரணம் மட்டும் நிற்காது. மறுநாளே அதையே செய்கிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆறு ஆண்டுகளாகப் பலிக்காத மருந்தை இன்னும் ஏன் கொடுக்க வேண்டும்? பயம் கூடக் கூட, கடிப்பதும் உதைப்பதும் கூடும். அது மட்டும்தான் நடக்கும். ஒரு வாரம் சமர்த்தாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை பொம்மை என்னும் பரிசுத் திட்டமும் இதே காரணத்தால் தோற்கும். ஞாயிறு அவனுக்கு வெகுதொலைவு. பாராட்டை அந்த நிமிடமே, என்ன செய்தான் என்று பெயர் சொல்லிக் கொடுங்கள்: "செருப்பை எடுத்து அலமாரியில் வைத்தாயே, நன்றாக இருந்தது."

கடித்ததற்கு வருவோம். நீங்கள் எழுதிய மூன்று சம்பவங்களையும் வரிசைப்படுத்திப் பாருங்கள். சத்துணவு வரிசை, குழாயடி, பஸ் படிக்கட்டு. மூன்றிலும் கூட்டம், சத்தம், பின்னாலிருந்து இடி, எப்போது முடியும் என்று தெரியாத காத்திருப்பு, அதோடு பசியோ தாகமோ. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது யாரையும் கடித்ததாக நீங்கள் எழுதவில்லை. ஆட்டுக்குட்டியைக் கிள்ளியதாகவும் எழுதவில்லை. அவனிடம் வன்மம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வரிசைதான் அவனுக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. அப்படியானால் வரிசையை மாற்றுவதுதான் சிகிச்சை. மணி அடிக்க ஐந்து நிமிடம் முன்பே அவன் சாப்பாடு வாங்கிக்கொள்ளலாம். அல்லது தட்டு எடுத்துக் கொடுக்கும் வேலையை அவனிடம் ஒப்படைக்கலாம். வரிசைக்கு வெளியே நிற்கவும் ஒரு காரணம் கிடைக்கும், மரியாதையும் கிடைக்கும். பஸ்ஸில் கடைசியாக ஏறட்டும், அவனுக்குப் பின்னால் நீங்கள் நில்லுங்கள். கடிபட்ட பிள்ளைக்கும் வலித்திருக்கும் அல்லவா? அந்த வீட்டுக்கு நீங்கள் போய் வந்தால் பள்ளியிலும் மனம் இளகும்.

இனிமேல் ஒவ்வொரு சம்பவத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை மணி, எந்த இடம், அதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் என்ன நடந்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டான், இரவு எவ்வளவு தூங்கினான். ஒரு மாதத்தில் உங்களுக்கே கணக்குப் புரிந்துவிடும். என்னைவிட நன்றாகப் புரியும்.

வெடித்தே விட்டால்? பேச்சை நிறுத்துங்கள். அந்த நேரத்தில் புத்திமதி அவனுக்கு இன்னொரு தறி ஓசைதான். மற்றப் பிள்ளைகளை விலக்கி, கைக்கு எட்டும் கனமான பொருட்களை எடுத்துவிட்டு, இரண்டு முழம் தள்ளி, பக்கவாட்டில் உட்காருங்கள். கண்ணை நேருக்கு நேர் பார்க்க வேண்டாம். தணிந்ததும் தண்ணீர், பிறகு சாப்பிட ஏதாவது. நடந்ததைப் பற்றி அன்று மாலையோ மறுநாளோ நான்கு கோட்டுப் படம் வரைந்து இரண்டு வாக்கியத்தில் பேசினால் போதும்.

போன் விஷயத்தில் தவறு அவனிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, பிடுங்குவதில்தான் இருக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது அவன் மூளைக்குக் கடினம். "இன்னும் பத்து நிமிடம்" என்பதும் அவனுக்குப் புரிவதில்லை, ஏனென்றால் நேரத்தைக் கையால் தொட முடியாது. "இரண்டு கார்ட்டூன் பார்க்கலாம். முடிந்ததும் ஆட்டுக்குத் தழை கொண்டுபோகலாம்" என்று தொடங்குவதற்கு முன்பே சொல்லுங்கள். அடுத்த படம் தானாக ஓடும் வசதியைப் போனில் நிறுத்தி வையுங்கள். இரண்டாவது முடிந்ததும் தழைக் கட்டை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனை வாங்குங்கள். தினமும் அதே சொற்கள், அதே வரிசை. சலிப்பாக இருக்கும், உங்களுக்கு. அவனுக்கு அதுதான் பிடிமானம்.

சொல்லும் முறையையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். பெரிய மனிதனைப் போலப் பேசுகிறான் என்கிறீர்கள். இந்தப் பிள்ளைகளிடம் எல்லோரும் ஏமாறும் இடம் அதுதான். பேசுகிற அளவுக்கு அவனுக்குப் புரிவதில்லை. "குளித்து, சட்டை மாற்றி, பையை எடுத்துக்கொண்டு வா" என்றால் முதல் சொல்லோ கடைசிச் சொல்லோ மட்டும் நிற்கும். ஒன்றைச் சொல்லுங்கள், மனதுக்குள் பத்து எண்ணுங்கள், அவன் செய்யட்டும், பிறகு அடுத்தது. உடல் ஒன்பது வயது என்றாலும், பழகுவதிலும் பொறுப்பதிலும் அவனை ஐந்து வயதுப் பிள்ளையாக நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதுக் குழந்தையைத் தனியாகக் கடைக்கு அனுப்ப மாட்டீர்கள். சில்லறை குறைந்தால் அடிக்கவும் மாட்டீர்கள்.

வீட்டில் உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அவன் படிக்கவும் தூங்கவும் தறிக்கூடத்துச் சுவரிலிருந்து மிகத் தள்ளிய இடத்தைக் கொடுங்கள். பள்ளி விட்டதும் முதல் ஒரு மணி நேரம் தோட்டத்து ஆடுகளோடு இருக்கட்டும், வீட்டுப்பாடம் அதன் பிறகு. ஆலைத் தொழிலாளர்கள் அணியும் காதுறை சிறுவர் அளவிலும் கிடைக்கிறது. அவனுடைய செவியையும் கண்ணையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். இந்தப் பாதிப்போடு இரண்டிலும் குறை இருப்பது அரிதல்ல. மருந்து இல்லை என்று உங்கள் மருத்துவர் சொன்னது சரிதான். ஆனால் உடன் வரும் கவனக்குறைவுக்கும் தூக்கமின்மைக்கும் மருந்து உதவும் பிள்ளைகள் உண்டு. அடுத்த முறை போகும்போது அதைத் தனியாகக் கேளுங்கள்.

பள்ளி. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 16ஆம் பிரிவின்படி, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது. 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சட்டத்தை எடுத்த எடுப்பில் மேசைமேல் வீசாதீர்கள். மருத்துவர் சீட்டையும் உங்கள் நோட்டையும் எடுத்துக்கொண்டு, வரிசையைப் பற்றி மேலே சொன்னதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். தலைமையாசிரியரிடமும் கடிபட்ட பிள்ளையின் பெற்றோர் வந்து நின்றிருப்பார்கள். அவருக்கும் ஒரு வழி தேவைப்படுகிறது. வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநரை வரவழைக்கும்படி கேளுங்கள். அதன் பிறகும் மறுத்தால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள்.

சான்றிதழ் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இல் உள்ள 21 வகைகளில் இந்தப் பாதிப்பின் பெயர் இல்லை. அறிவுத்திறன் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு போன்றவை இருக்கின்றன. முறையான உளவியல் சோதனை நடந்தால் இவற்றில் ஒன்றில் அவன் இடம்பெறக்கூடும். நுண்ணறிவு எண் மட்டும் பார்த்துவிட்டு "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று அனுப்பிவிடும் ஆபத்தும் உண்டு, ஏனென்றால் இந்தப் பிள்ளைகளில் பலருக்கு அந்த எண் இயல்பான எல்லைக்குள் வந்துவிடும். அன்றாட வேலைகளை எந்த அளவு தானாகச் செய்கிறான் என்பதையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளோடு இயங்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் 18 வயது வரை பார்க்கிறார்கள், கட்டணம் இல்லை. சென்னை முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்துக்கு ஒருமுறை போய்வர முடிந்தால் இன்னும் நல்லது.

விடுதி வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. நாற்பது பிள்ளைகள் ஒரே கூடத்தில், எதற்கெடுத்தாலும் மணி, எதற்கெடுத்தாலும் வரிசை. யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடும் பையன் இவன். பெரிய பையன்கள் செய்யச் சொல்வதைச் செய்துவிட்டுப் பிடிபடுபவனாகவும் இவனே இருப்பான். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆன் ஸ்ட்ரைஸ்கத் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் இப்படிப் பிறந்த 415 பேரின் வாழ்க்கையைத் தொடர்ந்து பார்த்து 2004இல் எழுதினார்கள். படிப்பு நின்றுபோவது, போலீஸ் வழக்கு, போதைப் பழக்கம் ஆகியவற்றிலிருந்து தப்பிக்கும் வாய்ப்பை 2 முதல் 4 மடங்கு கூட்டியவை இரண்டு. இளம் வயதிலேயே இன்ன பாதிப்பு என்று கண்டறியப்பட்டது ஒன்று, நிலையான நல்ல வீட்டில் வளர்ந்தது மற்றொன்று. முதலாவது மூன்று மாதம் முன்பு கிடைத்துவிட்டது. இரண்டாவது நீங்கள்தான். குடிகாரன் ஆவானா என்ற கேள்விக்கும் இதிலேயே பாதி பதில் இருக்கிறது. அந்த ஆபத்து அவனுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதை மறைக்க மாட்டேன். வீட்டுக்குள்ளும் கல்யாண வீட்டிலும் அவன் கண்முன் புட்டி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மதுவைத் தொடவே கூடாத உடம்பு உன்னுடையது என்று பத்து வயதிலிருந்தே சொல்லி வாருங்கள்.

விடுதி என்ற எண்ணம் உங்களுக்கு ஏன் வந்தது என்பதும் எனக்குப் புரிகிறது. நீங்கள் களைத்துவிட்டீர்கள். வாரத்தில் ஒரு மாலை அவனைப் பார்த்துக்கொள்ள வேறொருவர் வேண்டும். ஆட்டுக்காரரே அதற்கு ஏற்றவராக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். இரவில் மனம் தாங்காவிட்டால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) தமிழிலேயே பேசலாம், பணம் செலவாகாது.

கடைசியாக உங்கள் தங்கை. கோபப்படாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவரை நினைத்து நீங்கள் அழுதீர்களா என்று தெரியவில்லை. கோபம் மட்டும் எழுத்தில் வந்திருக்கிறது. நான் கோபப்படுவது வேறிடத்தில். கர்ப்பிணிக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறோம், தடுப்பூசி போடுகிறோம், எடை பார்க்கிறோம். "குடிக்கிற பழக்கம் உண்டா, அம்மா?" என்று திட்டாமல், முகம் சுளிக்காமல் கேட்பதில்லை. நம் ஊர்ப் பெண்கள் குடிப்பதில்லை என்று நாமே நம்பிக்கொண்டிருக்கிறோம். குடிநோயில் அகப்பட்ட ஒருத்தி மனஉறுதியால் மட்டும் நிறுத்திவிட முடியாது. அவருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது, அது கிடைக்கவில்லை. குடிகாரி பெற்ற பிள்ளை என்று உறவினர்கள் யாராவது அவன் காதுபடச் சொன்னால், அந்த இடத்திலேயே அவர்களை நிறுத்துங்கள்.

ஒருநாள் அவனே கேட்பான். நான் ஏன் மறந்துபோகிறேன், அம்மா ஏன் இறந்தார்கள் என்று. அப்போது இப்படிச் சொல்லலாம்: "நீ வயிற்றில் இருந்தபோது உன் அம்மாவுக்குக் குடிநோய் இருந்தது. அது உன் மூளையைக் கொஞ்சம் தொட்டுவிட்டது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை. உன் தப்பும் இல்லை. மறந்துபோனால் என்னைக் கேள், நான் சொல்கிறேன்." நான்கைந்து வாக்கியம், அதற்குமேல் வேண்டாம். மறுபடி மறுபடி கேட்பான், அதே சொற்களில் மறுபடி சொல்லுங்கள். முதல் முறை சொல்வதற்கு ஒரு மின்தடை நாளைத் தேர்ந்தெடுங்கள். தோட்டத்தில் உட்கார்ந்து, ஆடுகள் பக்கத்தில் இருக்கும்போது.